கிழ மீனுக்குக் குஞ்சுத் தலை

பெரியவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். பலாவிளைத் தங்கபாய்க்கும் தெரியும். ஒரு மீனுக்காக, அதுவும் செத்துக் கோடிக்கணக்கான வருஷம் ஆகிப்போன ஒரு மீனுக்காக, அவள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கே இன்னும் எரிச்சல் வருகிறது.

பலாவிளை, மண்டைக்காட்டுக்குப் போகிற சாலையில் இருந்த ஒரு சிற்றூர். நான் சொல்வது திருவிதாங்கூர் ராஜ்யம் இருந்த காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். அங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடம். அதன் தலைமையாசிரியர் பெயர் யேசுதாசன். பிள்ளைகளுக்கு அவர் 'பெரிய சார்'.

ஐந்தாம் வகுப்பு அறையில் முன்சுவரை ஒட்டி, ஒரு மூலையில் பெரிய சாரின் கைவைத்த நாற்காலி இருக்கும். பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து அது அதே இடத்தில்தான் இருந்தது. பெருக்க வருகிறவர்கூட அதை நகர்த்தமாட்டார், சுற்றித்தான் பெருக்குவார்.

தங்கபாய்க்கு வயது பத்து. ஐந்தாம் வகுப்பு. முன் வரிசையில், நாற்காலிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பாள்.

மீன் வந்த கதையைச் சொல்கிறேன். வடக்கே கோதாவரி ஆற்றுப் பக்கம் பல வருஷம் ஊழியம் செய்த ஒரு வெள்ளைக்கார மிஷனரி, தன் நாட்டுக்குத் திரும்பும் வழியில் பலாவிளையில் ஒரு நாள் தங்கினார். அவரோடு ஒரு மாட்டுவண்டியும் வந்தது. வண்டியில் பெரிய மரப்பெட்டி ஒன்று. இவ்வளவு பாரத்தைக் கப்பலில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டார்.

பெட்டிக்குள் வைக்கோல். வைக்கோலுக்குள் இரண்டு கற்கள்.

சின்னக் கல்லில் ஒரு மீன்தலை பதிந்திருந்தது. ஒரு சாண் நீளம் இருக்கும். கண் இருந்த குழி, செவுள் மூடி, வாய்க்குள் உருண்டை உருண்டையான பற்கள், செவுளுக்குப் பின்னால் கொஞ்சம் செதில்கள். அத்தோடு கல் உடைந்திருந்தது. பெரிய கல்லைத் தூக்க ஆறேழு பேர் வேண்டியிருந்தது. அதில் மீனின் உடம்பும் துடுப்புகளும் வாலும் இருந்தன. தலை மட்டும் இல்லை.

மிஷனரி வராந்தாவில் நின்று, தனக்குத் தெரிந்த தமிழில் எல்லாருக்கும் விளக்கினார். இது கடல் மீன் இல்லை. ஆற்றிலும் ஏரியிலும் வாழ்ந்த மீன். நத்தைகளை அந்த உருண்டைப் பற்களால் நொறுக்கித் தின்றது. இந்த இனம் இப்போது உலகத்தில் எங்குமே கிடையாது. மரத்துக்கு இருப்பதுபோல இதன் செதிலிலும் வளையங்கள் உண்டு. தண்ணீரும் இரையும் நிறைய இருக்கும்போது மீன் வேகமாக வளரும். பஞ்ச காலத்தில் வளர்ச்சி நின்றுபோகும். அப்போது ஒரு கோடு விழும். மனிதர்களைப் போல மீன் ஒரு வயதோடு வளர்வதை நிறுத்திவிடாது, உயிரோடு இருக்கும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும்.

இதையெல்லாம் அவர் நன்றாகத்தான் சொன்னார். ஆனால் பெரியவர்கள் எல்லாரும் அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய தொப்பியை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தவள் தங்கபாய் ஒருத்திதான். இரண்டு கல்லும் ஒரே மீனா, வேறு வேறு மீனா என்று அவர் சொன்னாரா இல்லையா என்பது யாருக்கும் நினைவில்லை. அதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது.

மறுநாளே பெரிய சார் முடிவு செய்துவிட்டார். ஒரு தலை இருக்கிறது. தலையில்லாத ஓர் உடம்பும் இருக்கிறது. ஆகவே இது ஒரு மீன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. உடைந்த சாமானையா அவருக்குக் காட்டுவது? தலையையும் உடம்பையும் ஒட்டி, மேலே வழவழவென்று பூசி, முழு மீனாகக் காட்டவேண்டும் என்று பெரிய சார் தீர்மானித்தார்.

பூச்சு என்றால் சாதாரணப் பூச்சு இல்லை. பெரிய சார் சின்ன வயதில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருக்கிறார். அங்கே கன்னங்கரேலென்று கண்ணாடிபோல் மின்னும் தரையில், அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்த தன் மீசையைப் பார்த்தாராம். அதை அவர் இன்றுவரை மறக்கவில்லை. கணக்குப் பாடம் நடத்தினாலும் அந்தத் தரை வந்துவிடும், பூகோளம் நடத்தினாலும் வந்துவிடும். சுண்ணாம்பு, தேங்காய்ச் சிரட்டைக் கரி, கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துக் குழைத்துப் பூசிய தரை அது. அதே பூச்சை மீனுக்கும் பூசினால் மீன் மினுமினுக்கும் என்பது அவருடைய எண்ணம்.

காலை ஜெபம் முடிந்ததும், ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு முட்டை கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தார்.

தங்கபாயின் சிநேகிதி செல்லத்தாய் எழுந்து நின்றாள். "சார், வெள்ளைக்கருதான வேணும்? மஞ்சக்கரு யாருக்கு சார்?"

பெரிய சார் அவளை உட்காரச் சொன்னார். அது நியாயமான கேள்விதான், ஆனால் பதில் வரவில்லை.

பூசுவதற்கு முன் கற்களைக் கழுவித் துடைக்கும் வேலை தங்கபாய்க்கும் செல்லத்தாய்க்கும் வந்தது. தேங்காய் நாரால் பதமாகத் தேய்க்கத் தேய்க்க, மண் போய்ச் செதில்கள் பளபளவென்று தெரிந்தன. நாம் பார்க்கிற மீன் செதில்போல் மெல்லியவை அல்ல அவை. சாய்சதுரமாக, தடிப்பாக, கூரையில் ஓடு வேய்ந்ததுபோல வரிசையாக இருந்தன. ஒரு செதிலின் முளை அடுத்த செதிலின் குழிக்குள் போய்ப் பொருந்தியிருந்தது.

தங்கபாய் தேய்ப்பதை நிறுத்தினாள். தலைக்கு அடுத்திருந்த செதில் அவள் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது. உடம்பில் இருந்த செதில்களோ ஒவ்வொன்றும் அதைப்போல மூன்று மடங்கு. இரண்டு கற்களிலும் உடைந்த இடம் கழுத்துப் பக்கம்தான். அங்கே செதில் எப்படித் திடீரென்று மூன்று மடங்காகும்?

அவள் நேராகப் பெரிய சாரிடம் போனாள். அதுவும் வகுப்பு நடக்கும்போதே போனாள். அது அவள் செய்த தப்பு.

"சார், இந்தத் தலையும் அந்த உடம்பும் ஒரே மீனுக்க இல்ல சார்."

"அப்படியா? மீன் வந்து உனக்க காதில சொல்லிச்சா?"

வகுப்பே சிரித்தது. தங்கபாய் செதில் அளவைப் பற்றிச் சொன்னாள். பெரிய சார் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஆனைக்குக் கண்ணு சின்னதுதான? அதுக்காக அந்தக் கண்ணு வேற ஆனைக்க கண்ணா? போய் ஒழுங்காத் தேயி."

மறுபடியும் வகுப்பு சிரித்தது. தங்கபாய்க்குக் காது சுட்டது. கண் வேறு, செதில் வேறு. ஒரே ஆனைக்கு இடது காது முறத்தளவும் வலது காது வெற்றிலையளவும் இருக்குமா என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பதில் அவளுக்கு வீட்டுக்குப் போகிற வழியில், ஓடையைத் தாண்டும்போதுதான் தோன்றியது. நல்ல பதில்கள் எல்லாமே ஓடையைத் தாண்டும்போதுதான் வருகின்றன. என்ன செய்வது?

அவள் விடவில்லை. பூச்சு வேலைக்கு வந்த சுடலையாண்டிக் கொத்தனாரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் சுண்ணாம்பைச் சலித்துக்கொண்டே, "பிள்ளே, ஒட்டச் சொன்னா ஒட்டுவேன். மீனுக்க சாதகம் பாக்கதுக்கா என்னைக் கூப்பிட்டாவ?" என்றார். ஒருதடவை பூசிக் காய்ந்துவிட்டால் பிறகு பெயர்க்க முடியுமா என்று கேட்டாள். தான் பூசியதை மகாராஜாவே வந்தாலும் பெயர்க்க முடியாது என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். அந்த மீன் எத்தனையோ பஞ்சம் பார்த்து, எத்தனையோ மழை பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. அத்தனையையும் மண்ணுக்குள் பத்திரமாக வைத்திருந்து நம்மிடம் கொண்டுவந்திருக்கிறது. இனி அந்த இனத்தில் வேறொரு மீன் எங்கேயும் நீந்தப்போவதில்லை. அதன்மேல் போய்க் கருப்பட்டியையும் முட்டையையும் கரியையும் குழைத்துப் பூசப்போகிறார்கள். தங்கபாய்க்கு அழுகை வராமல் கோபம் வந்ததில் ஆச்சரியமே இல்லை.

வீட்டில் சொன்னாள். அம்மா நேசம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று, முட்டையைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாளா என்று. நாகர்கோவிலில் போய்ப் படித்தவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா என்றும் கேட்டாள். அப்பா மத்தியாஸ் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும், "நல்ல ருசியுள்ள மீனா இருக்குமோ?" என்றார்.

தங்கபாய் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டாள்.

கொத்தனார் பூசுவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் அது. வெயிலில் வற்றிக்கொண்டிருந்த குளத்தில் இறங்கி, சாயங்காலம் அப்பா இரண்டு வரால் பிடித்துவந்தார். ஒன்று அவர் முழங்கை நீளத்துக்கும் மேல். இன்னொன்று சின்னது, ஒரு சாண்தான். வீட்டில் மீன் கழுவுவது தங்கபாயின் வேலை. அவளுக்கு அறவே பிடிக்காத வேலையும் அதுதான்.

சாம்பலும் கல்லுமாக உட்கார்ந்தாள். பெரிய வராலை எடுத்தாள். பெரிய மீனுக்குச் செதில் அதிகம், வேலையும் அதிகம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே விலாவில் ஒரு வரிசையைச் செவுளிலிருந்து வால்வரை எண்ணினாள். பிறகு, எவ்வளவு அதிகம் என்று பார்ப்பதற்காகச் சின்னதிலும் எண்ணினாள்.

ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை.

நம்பாமல் மறுபடி எண்ணினாள். அதே எண்ணிக்கைதான். மீன் வளரும்போது புதுச் செதில் முளைப்பதில்லை. இருக்கிற செதில்தான் மீனோடு சேர்ந்து பெரிதாகிறது. பெரிய வராலுக்குத் தலையிலிருந்து வால்வரை பெரிய செதில். சின்ன வராலுக்குத் தலையிலிருந்து வால்வரை சின்னச் செதில். பெரிய வராலின் செதில் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். மெல்லிய கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக. மிஷனரி சொன்னது சரிதான்.

இன்னொன்றையும் கவனித்தாள். சின்ன வராலுக்கு, உடம்பின் அளவைப் பார்த்தால், தலைதான் பெரிதாக முந்திக்கொண்டு நின்றது. தொட்டிலில் கிடக்கும் தம்பிக்கும் அப்படித்தானே, பாதி ஆளும் தலைதான். வளர வளரத்தான் உடம்பு தலையை எட்டிப் பிடிக்கிறது.

அரிவாள்மணையை இழுத்துவைத்து இரண்டு வராலின் தலையையும் வெட்டினாள். பிறகு அவள் செய்ததைப் பார்த்த நேசம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"ஏட்டி, என்னட்டி பண்ணுதா? கொழம்புக்கு வச்ச மீனை வச்சா விளையாடுதா?"

"விளையாடல்ல அம்மா. இதைப் பெரிய சாருக்குக் காட்டணும்."

"சாருக்கு மீன் வேணும்னா அவரு வாங்கமாட்டாரா?"

ஒரு மாசத்துக்கு முகம் சுளிக்காமல் மீன் கழுவுகிறேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் நேசம்மாள் இறங்கிவந்தாள். பெரிய உடம்பில் சின்னத் தலையை ஈர்க்குச்சிகளால் குத்தி நிறுத்தி, வாழைநாரால் கட்டி, உப்புத் தடவி ஓலைப் பெட்டியில் வைத்தாள் தங்கபாய். மிச்சமிருந்த பெரிய தலையும் சின்ன உடம்பும் குழம்புக்குப் போயின. அன்றைக்கு அவர்கள் சாப்பிட்டதும் ஒரு கோணல் மீன்தான். அப்பா மட்டும் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.

காலையில் பள்ளிக்கூட வாசலில் செல்லத்தாய் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இதை ஜெபத்தில வச்சு எல்லாருக்க முன்னாலயும் காட்டு தங்கம். சாருக்க மூஞ்சியப் பாக்கணும்" என்றாள்.

தங்கபாய்க்கும் அந்த ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வகுப்பே சிரித்தபோது தன் காது எப்படிச் சுட்டது என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. பெரிய சாருக்கும் காது உண்டே. மணி அடிக்கும் முன்பே, அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து உள்ளே போனாள்.

பெரிய சார் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார். வெளியே முற்றத்தில் கொத்தனார் முட்டை உடைக்கிற சத்தம் கேட்டது. தங்கபாய் ஓலைப் பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தாள். பெரிய சார் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னட்டி இது?"

"வரால் சார்."

"வராலா? இந்தத் தடி உடம்புக்கு இம்புட்டுத் தலையா? யாருட்டி இந்தக் கோலம் பண்ணினது?"

"நான்தான் சார். கிழ வராலில குஞ்சுத் தலையை ஒட்டினேன்."

"எதுக்கு?"

"நம்ம கல் மீனும் கொத்தனார் ஒட்டினா இப்படித்தான் சார் இருக்கும்."

பெரிய சாரின் முகம் சிவந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். திறந்த வாயோடு வராலைப் பார்த்தார். பிறகு, சுவரோரம் சாத்தி வைத்திருந்த கற்களைப் பார்த்தார். திரும்பவும் வராலைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர்தான், கொஞ்சம் அவசரக்காரர், அவ்வளவுதான். மேசை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கற்களின் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

தலைக்குப் பின்னால் இருந்த சின்னச் செதிலில் சில கோடுகள்தான் இருந்தன. பெரிய செதிலின் கோடுகளை எண்ணத் தொடங்கினார். நடுவில் கணக்கு விட்டுப்போனது. மறுபடி எண்ணினார். மறுபடியும் விட்டுப்போனது.

"இது கொழந்த," என்று தலையைக் காட்டினார். "இது கெழடு." வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இன்ஸ்பெக்டர் பாத்திருந்தா எனக்க மானம் போயிருக்கும்."

தங்கபாய்க்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் பெரியவர்களிடம் ஒரு தொல்லை முடிந்தால் அடுத்தது தயாராக நிற்கும். வெளியிலிருந்து கொத்தனார், முட்டை எல்லாம் உடைத்தாயிற்று, கலவை காத்திருக்காது, சீக்கிரம் கல்லைக் கொண்டுவாருங்கள் என்று சத்தம் போட்டார்.

பெரிய சார் தலையில் கைவைத்துக்கொண்டார். ஊரெல்லாம் முட்டை வாங்கியாயிற்று. பூச்சு வேண்டாம் என்று இப்போது சொன்னால், அத்தனை வீட்டுக்கும் பதில் சொல்லவேண்டும். பதில் சொல்ல முடியாததால் பேசாமல் பூசிவிடலாமா என்றுகூட அவர் யோசிப்பதுபோல் தங்கபாய்க்குத் தோன்றியது.

"சார், மீனுக்கு மேல பூசாண்டாம். மீனுக்குக் கீழ பூசலாமே."

"கீழயா?"

"மீன் படுக்கதுக்குத் தரை வேணும்லா சார். அரண்மனைத் தரை போட்டு அதுக்க மேல கல்ல வச்சா, நல்லா எடுப்பாத் தெரியும். பெரிய மீனுக்குத் தலை இல்லாத இடத்தில, கறுப்புத் தரையில சாக்பீஸால வரையலாம்."

பெரிய சார் அவளை உற்றுப் பார்த்தார். கன்னங்கரேலென்ற அந்தத் தரை அவர் கண்முன் வந்திருக்கவேண்டும். மீசை லேசாகத் துடித்தது.

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார்.

நினைக்கவே இல்லை. அது தங்கபாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் மீன் தப்பித்தால் போதும் என்று அவள் வராலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

முன்சுவரை ஒட்டி, வால் ஒரு மூலையைத் தொட, அங்கிருந்து நாற்காலி இருந்த மூலையை நோக்கித் தரை போடுவது என்று முடிவாயிற்று. எவ்வளவு நீளம் வேண்டும் என்று கொத்தனார் கேட்டார். பெரிய சார், அந்த உடம்புக் கல்லின் நீளத்தோடு ஒரு சாண் சேர்த்தால் போதும் என்றார். ஒரு சாணில் கிழ மீனின் தலை எப்படி அடங்கும் என்று தங்கபாய் கேட்டாள். பெரிய சார் பெருமூச்சு விட்டார்.

அப்புறம் அவளே அளந்தாள். பெரிய செதில் ஒன்றுக்கு நேரே சின்னச் செதில் மூன்று கொள்ளும். அப்படியென்றால் குஞ்சின் தலை ஒரு சாண் என்றால், கிழ மீனின் தலை மூன்று சாண். ஆனால் குஞ்சுக்குத் தலை முந்தி நிற்குமே. ஆகவே அதில் ஒரு நாலு விரல் குறைத்தாள். கரித்துண்டால் தரையில் மூக்கு வரும் இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

கோடு பெரிய சாரின் நாற்காலிக்கு அடியில் விழுந்தது.

கொத்தனார் கோட்டைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"வாலைக் கொஞ்சம் மடக்கி வைக்க முடியாதா?" என்று கேட்டார் பெரிய சார்.

"கல்லு சார்" என்றாள் தங்கபாய்.

"செரி, அப்பம் தலையச் சின்னதா வரை."

"பழைய கதைதான் சார் வரும்."

பெரிய சார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, யாரையும் தொடவிடாமல், தானே அதைத் தூக்கிக்கொண்டுபோய் வராந்தாவில் கதவோரமாகப் போட்டார். நாற்காலி இருந்த இடத்தில் நாலு காலுக்கும் நடுவே தூசி படிந்து கிடந்தது. கொத்தனார் அதைக் கூட்டித் தள்ளிவிட்டுக் கலவையைக் கொட்டினார்.

வேலை முடிய நாளாயிற்று. கொத்தனார் உருண்டைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்கினார். தேய்த்துக்கொண்டே ஒவ்வொரு நாளும் குறைப்பட்டுக்கொண்டார். மீன் இவ்வளவு நீளம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இன்னும் நாலு முட்டை கேட்டிருப்பாராம். மஞ்சள்கருவையெல்லாம் பெரிய சாரின் வீட்டில் வெங்காயமும் மிளகும் போட்டுப் பொரித்து, ஆளுக்கு ஒரு கரண்டியாகப் பிள்ளைகளுக்கே கொடுத்தார்கள். செல்லத்தாய்க்கு அவள் கேள்விக்குப் பதில் கிடைத்தது. அவள் இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

காய்ந்த தரையில் உடம்புக் கல்லைக் கிடத்தினார்கள். அதன் முன்னால் தங்கபாய் முழங்கால் போட்டு உட்கார்ந்து, குஞ்சுத் தலையைப் பார்த்துப் பார்த்துச் சாக்பீஸால் கிழத் தலையை வரைந்தாள். கண் குழி, செவுள் மூடி, புன்னைக்காய் அளவுக்கு உருண்டைப் பற்கள். கீழே, கிழ மீனின் வயிற்றுக்குப் பக்கத்தில் குஞ்சின் கல்லை வைத்தார்கள். பெரிய சார் வந்து குனிந்து பார்த்தார். மீனைப் பார்த்தாரா, தரையில் தெரிந்த தன் மீசையைப் பார்த்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. வெகுநேரம் பார்த்தார்.

சொன்னபடி இன்ஸ்பெக்டர் வந்தார். வேகமாக நடக்கிற ஒல்லி மனிதர். வேகமாகவே வராந்தாவில் ஏறி, கதவோரம் கிடந்த நாற்காலியில் முழங்காலை நன்றாக இடித்துக்கொண்டார்.

"தலைமையாசிரியர் நாற்காலி ஏன் வெளியே கிடக்கிறது?" என்று முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

பெரிய சார் இந்த நாளுக்காக இங்கிலீஷில் ஒரு பேச்சு மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அதில் நாற்காலியைப் பற்றி ஒன்றும் இல்லை. இங்கேயும் அங்கேயும் பார்த்தார். முன் வரிசையில் அவர் கண் நின்றது.

"தங்கபாய், நீதான அளந்தா? நீயே சொல்லு மக்களே."

வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தங்கபாய் எழுந்து நின்றாள்.

"மீன் வளந்துபோச்சு சார். நாற்காலிக்கு இடம் இல்ல."

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். மின்னும் கறுப்புத் தரையில், வாலிலிருந்து தொடங்கிப் பெரிய சாரின் மூலைவரை நீண்டு கிடந்தது மீன். அதன் வயிற்றருகே குஞ்சுத் தலை. அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வரப்போனவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி, நாற்காலியைப் பிடித்துத் தன் கையாலேயே இன்னும் ஒரு முழம் தள்ளிப் போட்டார்.

"இன்னும் வளர்ந்தால் இடம் வேண்டுமே" என்றார்.